மீட்பவன் யார்?

மீட்பு என்ற சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்ள அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. வளையலை அடகுக் கடையில் வைத்துவிட்டு, சீட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் எந்தப் பெண்மணியைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். வளையல் இப்போது கடைக்காரரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஆனாலும் அது அவளுடைய வளையல்தான். முதலும் வட்டியும் கட்டினால் திரும்பி வரும். கட்டாவிட்டால் ஏலத்துக்குப் போகும். அழுதாலும் திரும்பாது, அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் திரும்பாது. யாராவது ஒருவர் பணத்தோடு அந்தக் கடைப் படியை ஏற வேண்டும். அண்ணனோ, தம்பியோ, அண்மையில் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கும் மகனோ.

இதைவிடப் பழைய பொருள் ஒன்றும் இந்தச் சொல்லுக்கு உண்டு. செங்கம், தருமபுரி வட்டாரங்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பகைவர் ஓட்டிக்கொண்டு போன மாட்டு மந்தையைத் திருப்பிக் கொண்டுவரப் போய், அந்தச் சண்டையில் மாண்ட வீரர்களுக்காக நட்ட கற்கள் அவற்றில் பல. மந்தைக்குத் தொறு என்று பெயர். சாவதற்குப் படுதல் என்று பெயர். தொறு மீட்டுப் பட்டான் என்பது அந்தக் கற்களில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி. மீட்டதையும் மாண்டதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆகவே, மீட்புக்கு விலை உண்டு, சில சமயம் அந்த விலை உயிராகவே இருக்கும் என்பது, ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ்க் கரையில் வந்து இறங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் கிராமத்துச் சனங்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு தெரிந்த நமக்குப் பைபிளின் மீட்பு மட்டும் ஏன் புரியாத தத்துவமாக இருக்கிறது? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் நண்பர் ஒருவர். நந்தனத்தில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த தெருக்காரர்கள். அண்மை ஆண்டுகளில் சென்னைப் புத்தகக் காட்சி எங்கள் பேட்டை ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில்தான் நடக்கிறது. நண்பர் தீவிரமான நாவல் வாசகர். டால்ஸ்டாயையும் டாஸ்டாவ்ஸ்கியையும் படித்தவர், அவர்கள் படித்த புத்தகத்தையும் படித்துவிட வேண்டும் என்று ஒரு பைபிளை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து, "எடுத்ததற்கெல்லாம் மீட்பு, ரட்சிப்பு என்கிறார்கள் சார். யார், யாரை, எதிலிருந்து மீட்கிறார்கள் என்றுதான் பிடிபடவில்லை" என்றார்.

நியாயமான கேள்வி. மதத் தத்துவம் பேசுவது என் வேலையல்ல. அதற்குத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். பைபிள் முழுவதிலும் ஓடுகிற மீட்பு என்ற எண்ணம் தத்துவமாகப் பிறக்கவில்லை. நிலத் தகராறாக, கடன் பத்திரமாக, குடும்ப வழக்காகப் பிறந்தது. அதன் நடுவே நிற்கிற பாத்திரம் ஒரு உறவினன். அந்த உறவினன் தமிழ் மொழிபெயர்ப்பில் எங்கோ காணாமற் போய்விட்டான். நண்பருக்குப் பிடிபடாமல் போனதற்கு அதுவே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

எபிரேய மொழியில் 'கோயேல்' என்று ஒரு சொல் இருக்கிறது. குடும்பத்துக்காகச் சில கடமைகளைச் செய்யப் பாத்தியப்பட்ட நெருங்கிய உறவினன் என்பது அதன் பொருள். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் அந்தக் கடமைகள் சட்டமாக வருகின்றன. வறுமையால் ஒருவன் தன் நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் அதை விலை கொடுத்துத் திருப்ப வேண்டும். நிலமும் போய், கடனுக்காகத் தன்னையே அந்நியனிடம் விற்றுக்கொண்டு அடிமையானால், சகோதரனோ சிற்றப்பனோ சிற்றப்பன் மகனோ அவனை மீட்கலாம். நம் ஊரில் பங்காளி என்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பங்காளிதான் கோயேல்.

இதே சொல் வேறொரு வேலைக்கும் பெயராகிறது. குடும்பத்தில் ஒருவன் கொலையுண்டால், கொன்றவனைத் தேடிக் கொல்லும் உரிமையும் கோயேலுக்கு உண்டு. எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் அதைப் பேசுகிறது. கைதவறிக் கொன்றவன் அவனிடமிருந்து தப்பி ஓடி ஒளிய அடைக்கலப் பட்டணங்களையும் அந்தச் சட்டமே ஏற்படுத்துகிறது. பிறகு, பல நூற்றாண்டு கழித்து, பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு ஆறுதல் சொல்ல வருகிற ஏசாயா புத்தகத்தின் பிற்பகுதி, கடவுளுக்கே இந்தப் பெயரைச் சூட்டுகிறது. அதுவும் ஒருமுறை இரண்டுமுறையல்ல, அத்தியாயத்துக்கு அத்தியாயம்.

இனித் தமிழுக்கு வருவோம். பவர் பாதிரியார் தலைமையில் ஒரு குழு திருத்தியமைத்து 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்புதான் புரொட்டஸ்டண்ட் சபைகளில் இன்றளவும் பெரிதும் வழங்குகிறது. அதில் ரூத்தின் கதையில் வருகிற கோயேல் 'சுதந்தரவாளி' ஆகிறான். கொலை வழக்கில் வருகிற கோயேல் 'பழிவாங்குகிறவன்' ஆகிறான். ஏசாயாவில் வருகிற கோயேல் 'மீட்பர்' ஆகிறார். எபிரேயத்தில் ஒரே சொல். தமிழில் ஒன்றையொன்று முகம் தெரியாத மூன்று சொற்கள். சுதந்தரம் என்பது அந்தக் காலத் தமிழில் பரம்பரைச் சொத்துரிமை. 1947-க்குப் பிறகு பள்ளிக்கூடம் போன நம் காதில் அது கொடியேற்றமாக ஒலிக்கிறது. போவாசைச் சுதந்தரவாளி என்று படிக்கிற இன்றைய வாசகன், ஏதோ சுதந்திரப் போராட்டத் தியாகி என்று நினைத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1611-ல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் இதே போலத்தான் மூன்றாகப் பிரித்தது. சந்தர்ப்பத்துக்குத் தகுந்த சொல்லைத் தேடுவது மொழிபெயர்ப்பாளனின் தருமம். ஆனால் விளைவு என்ன? 'மீட்பர்' என்று படிக்கும்போது நமக்கு வானத்திலிருந்து இறங்கி வரும் ஒரு மகாராஜாவின் ஞாபகம் வருகிறது. எபிரேய வாசகனுக்கோ ஊர் வாசலில் பத்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மகனின் ஞாபகமும் சேர்ந்து வந்திருக்கும்.

அந்த ஊர் வாசலைப் பார்க்க வேண்டுமானால் ரூத்தின் புத்தகத்தைப் படிக்க வேண்டும். நான்கே அதிகாரம். பெத்லகேமில் பஞ்சம் வந்து, நகோமி என்ற பெண் கணவனோடும் இரண்டு மகன்களோடும் மோவாபு தேசத்துக்குப் பிழைக்கப் போகிறாள். அங்கே கணவனும் இறந்து, மணமான மகன்களும் இறந்துபோகிறார்கள். ஒரு மருமகள் தாய்வீடு திரும்புகிறாள். இன்னொருத்தி, ரூத், மாமியாரை விட்டுப் போக மறுத்து அவளோடு பெத்லகேமுக்கு வருகிறாள். அந்நிய நாட்டு விதவை. அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கி மாமியாருக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். வயல்காரன் போவாஸ், மாமனார் வழி உறவு.

மீட்பு இங்கேதான் காட்சியாகிறது. போவாசைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் ஊரில் இருக்கிறான். முதல் உரிமை அவனுக்கு. போவாஸ் ஊர் வாசலில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்து அவனைக் கூப்பிடுகிறான். நகோமியின் நிலம் விலைக்கு வருகிறது, மீட்கிறாயா என்று கேட்கிறான். அவன் உடனே சம்மதிக்கிறான். நிலம் யாருக்குத்தான் கசக்கும்? அப்புறம் போவாஸ் விஷயத்தைச் சொல்லுகிறான்: நிலத்தோடு அந்த மோவாபியப் பெண்ணையும் ஏற்க வேண்டும், பிறக்கிற பிள்ளை இறந்தவன் பெயரில் அந்தச் சொத்தை ஆளும். உறவினன் பின்வாங்குகிறான். தன் சொத்துக்குப் பங்கம் வரும் என்று காரணம் சொல்லி, அந்தக் கால வழக்கப்படி செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான்.

கதாசிரியன் இவனை என்ன செய்கிறான் பாருங்கள். திட்டவில்லை, சாபமிடவில்லை. அவனுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டுவிடுகிறான். எபிரேய மூலத்தில் போவாஸ் அவனை 'இன்னாரே' என்கிற தோரணையில்தான் அழைக்கிறான். இறந்தவனின் பெயரைக் காப்பாற்றத் தன் சொத்தில் ஒரு பகுதியைப் பணயம் வைக்க மறுத்தவனுக்குக் கதையில் பெயரே கிடையாது. துணிந்த போவாசுக்கும் ரூத்துக்கும் பிறந்த ஓபேத், தாவீது ராஜாவுக்குப் பாட்டனாகிறான். இவ்வளவு சிக்கனமான தண்டனையை நான் வேறெந்த இலக்கியத்திலும் படித்ததில்லை.

ரூத்துக்குப் பிறகு பைபிளைப் புரட்டினால், மீட்பு பேசப்படுகிற இடங்களிலும் அதைச் சுற்றியும் ஒரு கணக்குப் புத்தகம் விரிவது தெரியும். முதற்பேறான ஆண் பிள்ளையை மீட்க 5 சேக்கல் வெள்ளி. தன்னைவிட்டு வேறொருவனிடம் போன மனைவியை ஓசியா தீர்க்கதரிசி 15 சேக்கல் வெள்ளியும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்துத் திரும்ப வாங்குகிறான். வெள்ளி போதாமல்தான் தானியத்தையும் சேர்த்தான் போலிருக்கிறது. எழுதியவன் அதைச் சொல்லவில்லை, தொகையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறான். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப் போகிறது என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவலில் இருக்கிறான். அந்த வேளையில் சிற்றப்பன் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை மீட்கும் உரிமை உனக்கு, வாங்கிக்கொள் என்கிறான். நாளை எதிரியின் கைக்குப் போகப்போகிற நிலம்! எரேமியா 17 சேக்கலை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்லுகிறான். நெடுநாள் கழித்து இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலம் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையை இதைவிட நன்றாகப் பிரசங்கத்தால் சொல்ல முடியாது.

இந்தக் கணக்குக்கு நடுவே ஒரு பெரிய முட்டுக்கட்டை வருகிறது. 49ஆம் சங்கீதம், எவ்வளவு பெரிய பணக்காரனாலும் தன் சகோதரனைச் சாவிலிருந்து மீட்க முடியாது, அந்த விலை யாருக்கும் எட்டாது என்று சொல்லிவிடுகிறது. நிலத்தை மீட்கலாம், அடிமையை மீட்கலாம். சாவின் அடகுக் கடையில் எந்தப் பங்காளியின் பணமும் செல்லாது. பழைய ஏற்பாடு எழுப்பி விட்டுப்போன இந்தக் கேள்விக்குப் பதிலாகவே புதிய ஏற்பாட்டின் ஆசிரியர்கள் தங்கள் கதையை அமைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு தம் உயிரை அநேகருக்காகக் கொடுக்கும் மீட்புப் பணம் என்று குறிப்பிடுகிறார். அங்கே வருகிற கிரேக்கச் சொல் 'லூட்ரான்'. அடிமையையும் போர்க் கைதியையும் விடுவிக்கக் கட்டுகிற தொகைக்குச் சந்தையில் வழங்கிய பெயர் அது. யூதாஸ் வாங்கிய 30 வெள்ளிக்காசும் தற்செயலான எண் அல்ல. ஒருவனுடைய மாடு அடுத்தவன் அடிமையை முட்டிக் கொன்றால் எசமானனுக்குக் கட்ட வேண்டிய நஷ்டஈடாக யாத்திராகமம் நிர்ணயித்த தொகையும் 30 சேக்கல்தான்.

அந்தப் பணம் யாருக்குக் கட்டப்பட்டது? சாத்தானுக்கு என்றார் 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன். கடவுளின் மானத்துக்கு என்று 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் வாதாடினார். மாற்கு வாயைத் திறக்கவில்லை. இது கதாசிரியனின் மௌனம். எனக்கு மிகவும் பிடித்த மௌனம். கொடுத்தவனைக் காட்டினான், யாருக்காக என்பதைச் சொன்னான். வாங்கியவனின் முகத்தைக் காட்டவில்லை. லூக்காவோ இன்னும் ஒரு படி மேலே போகிறான். சிலுவைச் சாவுக்கு மூன்றாம் நாள் இரண்டு பேர் எம்மாவு கிராமத்துக்கு நடந்து போகிறார்கள். வழியில் கூடச் சேர்ந்துகொண்ட அந்நியனிடம், அவர் எங்கள் தேசத்தை மீட்பார் என்று நம்பியிருந்தோமே என்று ஏக்கத்தோடு சொல்லுகிறார்கள். மீட்டவனிடமே மீட்பு நடக்கவில்லை என்று முறையிடுகிறார்கள்! ரோமாபுரிப் படை நாட்டைவிட்டுப் போகவில்லை. அவர்கள் எதிர்பார்த்த மீட்பு அதுதான். சாப்பாட்டுப் பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதுதான் ஆள் யார் என்று தெரிகிறது. இனங்கண்டுகொள்ளுகிற இடம் கோயிலோ அரண்மனையோ அன்று, சாப்பாட்டு இடம். வீட்டு மனிதனை அங்கேதான் அடையாளம் தெரியும்.

எல்லாம் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. எகிப்திலிருந்து அடிமைகளை மீட்ட கதையில் எகிப்தியரின் தலைச்சன் பிள்ளைகள் அத்தனையும் ஒரே இரவில் மடிகின்றன. அரண்மனையில் மட்டுமல்ல, சிறையில் கிடந்த கைதியின் பிள்ளையும் மடிகிறது. அந்தக் கைதி யாரை அடிமைப்படுத்தினான்? ஒரு சாராரின் மீட்புக்கு இன்னொரு சாராரின் குழந்தைகள் விலையாவதை எந்த வாசகனும் கூசாமல் படிக்க முடியாது. மீட்பவன் உறவினன் என்றால், உறவில்லாதவன் கதி என்ன என்ற கேள்வி அங்கே முளைக்கிறது. ரூத்தின் புத்தகம் அதற்கு எழுதப்பட்ட மறுப்புப் போலவே எனக்குத் தொனிக்கிறது. மோவாபியர்கள் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமத்தில் சட்டம் இருக்கிறது. அந்த மோவாபியப் பெண்தான் இங்கே மீட்கப்படுகிறாள், ராஜ வம்சத்துக்குத் தாயாகிறாள். மகா நூல்களின் லட்சணம் இது. தன்னோடு தானே வழக்காடுகிற தைரியம் அவற்றுக்கு இருக்கிறது.

தமிழில் இந்த விஷயத்தைக் காவியமாகவே பாடியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-ல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, 1858-ல் கிறிஸ்தவரானவர். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் நூலாக வந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

கவிநயத்தைப் பலர் பேசியிருக்கிறார்கள். கதையமைப்பில் அவர் செய்த ஒரு காரியத்தை நான் எடுத்துக்கொள்ளுகிறேன். பனியனின் பயணி, அழியப்போகிற பட்டணத்தைவிட்டு ஓடும்போது, மனைவியும் மக்களும் கூப்பிடக் கூப்பிட காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சிலுவையைக் கண்டதும் அவன் முதுகுச் சுமை தானாகக் கழன்று உருண்டு விழுகிறது. சிலுவையில் நடந்தது என்ன என்று பனியன் விஸ்தரிக்கவில்லை. அவன் வாசகர்களுக்கு அது மனப்பாடம். கிருஷ்ணபிள்ளையோ, குமார பருவம் என்று தனியாக ஒரு பருவமே வகுத்து, இயேசுவின் பாடுகளையும் மரணத்தையும் விரிவாகப் பாடுகிறார். புதிய வாசகர்களுக்குக் கதை தெரியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு என்று நினைக்கிறேன். இரட்சணியம் என்ற வடசொல்லுக்குக் காத்தல் என்றுதான் பொருள்; அதில் விலை என்ற வாசனை இல்லை. அரசன் குடிகளை ரட்சிப்பதால் அரசனுக்கு ஒன்றும் குறைவதில்லை. தாம் தலைப்பில் வைத்த சொல்லில் இல்லாத விலையைக் கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் வட்டியும் முதலுமாகக் கட்டிக் காட்டுகிறார். தழுவல் என்று சொல்லப்படும் நூல் மூல நூலை மிஞ்சுகிற இடம் இது.

பனியனுக்கும் அந்தக் காது பொத்தல் உறுத்தியிருக்க வேண்டும். 1684-ல் இரண்டாம் பாகம் எழுதி, விட்டுப்போன மனைவியையும் பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திக் கூட்டிப்போனான். உறவை உதறிவிட்டுப் போகிற மீட்பு அரை மீட்புதான் என்பதைக் கதையே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

இனி நம் காலத்து உரைநடைக்கு வரலாம். நம்முடைய சொந்த மரபில் இதற்கு ஈடான சொல் விமோசனம். ராமனுடைய காற்தூசி பட்டுக் கல் பெண்ணாகிறது. பட்டவளுக்கு வாழ்வு கிடைக்கிறது. பட்ட காலுக்கு ஒரு செலவும் இல்லை. புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'சாபவிமோசன'த்தில் இந்தச் செலவில்லாத விமோசனத்தைத்தான் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளுகிறார். பெண்ணாகி வாழத் தொடங்கிய அகலிகை, அதே ராமன் சீதையை நெருப்பில் இறங்கவைத்தான் என்று சீதையின் வாயாலேயே கேள்விப்படுகிறாள், மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அவளுக்கு ஒரு நியாயம், சீதைக்கு ஒரு நியாயமா என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் கூட்ட விரும்புவது இதுதான்: அந்நியப் பெண்ணை ரட்சிப்பது ராமனுக்குச் சுலபமாக இருந்தது. தன் வீட்டுப் பெண்ணுக்காக ஊர்ப் பேச்சைத் தான் தாங்கிக்கொள்ள வேண்டி வந்தபோது, செருப்பைக் கழற்றிக் கொடுத்த அந்தப் பெயரில்லாத உறவினனைப் போல அவனும் தன் சொத்தை, தன் கீர்த்தியைக் காப்பாற்றிக்கொண்டான். புதுமைப்பித்தனின் அகலிகை அதைப் புரிந்துகொண்டுவிட்டாள்.

1966-ல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் முன்பின் அறியாத ஒருவனுடைய காரில் ஏறிய கல்லூரிப் பெண் களங்கப்பட்டு வீடு வந்து சேருகிறாள். பதறி, அடித்து, அழுத தாய், கடைசியில் மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். அன்று எத்தனை கண்டனம், எத்தனை விவாதம்! தண்ணீர் ஊற்றினால் கற்பு வருமா என்று கேட்டார்கள். அவர்கள் கண்ணில் தண்ணீர் பட்டது, விலை படவில்லை. அந்தத் தாய் விதவை. ஊருக்கு அஞ்சி வாழ்ந்தவள். அன்றிலிருந்து ஆயுள் முழுவதும் அந்த ரகசியத்தைத் தனியாகச் சுமக்க ஒப்புக்கொள்ளுகிறாள். மகளின் கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளுகிறாள். எபிரேயனைக் கேட்டால் கோயேல் என்பான்.

ஜெயகாந்தனின் பெருமை, அதே பெண்ணை அவரே மறுபடியும் எடுத்துக்கொண்டு வேறு கணக்குப் போட்டுப் பார்த்ததில் இருக்கிறது. 1970-ல் நூலான 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் ரகசியத்தைத் தாங்கவில்லை. கூக்குரலிட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். ஆதரவு தருகிற மாமா படிக்கவைக்கிறார், வேலைக்குப் போகிற அளவு ஆளாக்குகிறார். அதற்குப் பதிலாக அவள்மேலேயே கண் வைக்கிறார். மீட்க வந்தவனே மீட்ட பொருளை அபகரிக்க நினைக்கிற கோரம் அது. இரண்டு கதைக்கும் நடுவே கங்கா செய்தது ஒன்றுதான், நடந்ததும் ஒன்றுதான். உறவினர் விலை கொடுத்தார்களா, விலை கேட்டார்களா என்பதே ஒரு வாழ்க்கையை இரண்டாகப் பிரித்துவிட்டது.

டால்ஸ்டாய் 1899-ல் வெளியிட்ட 'புத்துயிர்ப்'பில் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். தான் கெடுத்த பெண் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை ஜூரியாக உட்கார்ந்து பார்க்கிற பிரபு, அவளை மணந்து மீட்கிறேன் என்று சைபீரியா வரை பின்தொடர்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். அவன் தன் ஆத்மாவைக் கடைத்தேற்றிக்கொள்ளத் தன்னைச் சாதனமாக்குகிறான் என்பது அவளுக்குத் தெரிகிறது. மீட்பவனுக்கு லாபம் வருகிற மீட்பை மீட்கப்படுகிறவள் சந்தேகிக்க வேண்டும் என்பது அந்தப் பெண் நமக்குச் சொல்லித்தரும் பாடம்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் கதைகளில் இன்று மீட்பு மிக மலிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் குடிகாரக் கணவன் கண் கலங்குகிறான், மனம் திருந்துகிறான், சுபம். இருபது வருஷம் அடி வாங்கிய மனைவியின் கணக்கு என்னாயிற்று? யார் கட்டினார்கள்? கண்ணீர் செல்லுபடியாகிற நாணயமா? எழுதுகிறவர்களும் கேட்பதில்லை, படிக்கிறவர்களும் கேட்பதில்லை. அடகுக் கடையில் நாம் ஒருபோதும் ஏமாறுவதில்லை. கதையில் மட்டும் வெறுங்கையோடு படியேறியவன் வளையலோடு இறங்கி வந்தால் நம்பிவிடுகிறோம்.

கதைக்கு வெளியிலும் இது விளையாட்டு விஷயமல்ல. கோயேல் என்ற சொல்லுக்கு மீட்பவன் என்றும் பழிவாங்குகிறவன் என்றும் இரண்டு பொருள் இருப்பதைப் பார்த்தோம். விலை கொடுக்க உரிமை உள்ளவன் கையிலேயே வாளும் இருந்தது. சாதி மாறி மணம் செய்துகொண்ட பெண்ணை அவளுடைய தகப்பனும் அண்ணனும் மாமனும் கொன்ற செய்தியை இன்றும் நம் பத்திரிகைகளில் படிக்கிறோம். கொன்றவர்கள் அந்நியர்கள் அல்லர். முறையாக அவளை மீட்க வேண்டியவர்கள். குடும்ப மானத்தை மீட்டோம் என்றுதான் அவர்களும் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அதே சொல், அதே உறவு. தன்னிடமிருந்து எதைக் கொடுத்தான், அவளிடமிருந்து எதை எடுத்தான் என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கிவிடும்.

நண்பரிடம் நான் சொன்ன பதிலையே வாசகர்களுக்கும் சொல்லுகிறேன். பைபிளை முதற்பக்கத்திலிருந்து தொடங்கிப் படித்துக் களைத்துப் போக வேண்டாம். ரூத்தின் நான்கு அதிகாரத்தை முதலில் படியுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அடுத்ததாக எரேமியா 32-ஐப் படியுங்கள். பிறகு எம்மாவு வழியில் நடந்தவர்களோடு கொஞ்ச தூரம் போங்கள். சுதந்தரவாளி என்று வருகிற இடத்தில் மீட்பர் என்றும், மீட்பர் என்று வருகிற இடத்தில் நம் உறவுக்காரர் என்றும் மனசுக்குள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். அதன் பின் 'அக்கினிப் பிரவேச'த்தை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற அந்தத் தாயின் கை எவ்வளவு கனம் தாங்குகிறது என்பது இந்தத் தடவை கண்ணுக்குத் தெரியும்.